நிமிடத்துக்கு 120

அத்தையின் டிரங்குப் பெட்டியில் 42 கேசட்டுகள் இருந்தன. முப்பது வருஷம் வீட்டுத் திண்ணையில் பாட்டு சொல்லிக்கொடுத்தபோது, பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்த டேப்பில் பதிந்து, தனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டவை. 2015 சித்திரையில் கும்பகோணத்து வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பெட்டியை நகர்த்தியபோது திறந்து பார்த்தோம். பாதிக்கு மேல் நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. மிச்சம் ஓடியது, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு சுருதியில். அத்தைக்கு 5 கட்டை. கேசட்டுகளிலோ ஒன்றில் நாலரை, ஒன்றில் ஐந்தரைக்குப் பக்கம், ஒன்றில் பாட்டு முடிவதற்குள்ளேயே அரைக் கட்டை ஏற்றம். பேட்டரி இறங்கிய டேப்பில் பதிந்ததை நல்ல டேப்பில் போட்டால் சுருதி ஏறிக் கேட்கும். நல்லதில் பதிந்ததைப் பேட்டரி இறங்கியதில் போட்டால் இழுவையாக வரும். இது என்னைவிட அத்தைக்கு நன்றாகத் தெரியும்.

“எல்லாத்தையும் மறுபடி பாடிக் கொடுத்துடுறேன்டா தம்பி. ஒரே ஒரு தடவை ஒழுங்கா எடுத்து வை” என்றார். அப்போது அவருக்கு 71 வயது. சரளி வரிசையில் ஆரம்பித்து ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம் வரைக்கும். கீர்த்தனை வேண்டாமாம். அதை ஆயிரம் பேர் பாடிவைத்திருக்கிறார்கள், அடிப்பாடத்தைத்தான் ஒருவரும் நிதானமாகப் பாடிவைக்கவில்லை என்பது அவர் கட்சி.

என்னிடம் ஏன் சொன்னார் என்றால், கல்லூரி நாட்களில் நான் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். கீபோர்டு வாசித்தவனுக்கு ரெக்கார்டிங்கும் தெரிந்திருக்கும் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. எனக்குத் தெரிந்ததெல்லாம், பாடகர் தொண்டை கட்டிக்கொண்டு வரும் அன்று டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு படி இறக்குவதுதான். ஆசை மட்டும் பழையது. ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே 1989-இல் அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் பற்றி, 1992-இல் ‘ரோஜா’ வந்த பிறகு படித்துவிட்டுத் தூக்கம் வராமல் புரண்ட பையன்களில் நானும் ஒருவன். 23 வருஷம் கழித்து ஒரு சாக்கு கிடைத்தது.

எந்த மென்பொருளை வைத்துக்கொள்வது என்று பழைய குழு நண்பர்களிடம் கேட்கப் போனேன். அவரவர் வைத்திருப்பதை அவரவர் சொன்னார்கள். சினிமாவுக்கு வாசிக்கப் போய்க்கொண்டிருந்தவர், புரோ டூல்ஸ் இல்லாவிட்டால் அது ரெக்கார்டிங்கே இல்லை என்றார். இன்னொருவருக்கு கியூபேஸ் குலதெய்வம். ரிதம் பேடு வாசிக்கும் தம்பி எஃப்.எல். ஸ்டுடியோவைச் சொன்னான். ஒரு முறை வாங்கினால் ஆயுளுக்கும் புதுப் பதிப்பு இலவசம் என்பது அவன் வாதம், அது உண்மையும்கூட. ஒருவர், ஆப்பிள் மடிக்கணினி வாங்கினால் காரேஜ்பேண்டு கூடவே வந்துவிடும் என்றார். அந்த விலைக்குத் தஞ்சாவூரில் நல்ல வீணையே வாங்கி விடலாம். கடைசியில் ஒரு நண்பர், பேச்சே வேண்டாம் என்று பூட்டு உடைத்த பிரதி ஒன்றை டிவிடியில் எழுதிக் கையில் கொடுத்தார். போட்ட அன்று ராத்திரி ஆன்டிவைரஸ் அலறியது. மறுநாள் காலையில் என் கணினியில் ஒரு கோப்பும் திறக்கவில்லை. எல்லாவற்றையும் துடைத்து விண்டோஸை மறுபடி ஏற்ற இரண்டு நாள் பிடித்தது.

அதற்குப் பிறகுதான் என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். 4 ஜி.பி. நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி. மாதத்துக்கு 1 ஜி.பி. மட்டும் தரும் டாங்கிள். பாடப் போவது ஒருவர், கூட ஒரு தம்புராப் பெட்டி. வயலின் பட்டாளமும் டிரம்ஸும் வைத்து ஜி.பி. கணக்கில் இறங்கும் மென்பொருள் எனக்கு எதற்கு?

முதலில் ஆடாசிட்டி. 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைப்பது. ஒரே குரலைப் பதிந்து, முன்னும் பின்னும் வெட்டி, எம்பி3 ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்பவர்களுக்கு இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அன்றைய ஆடாசிட்டியில் ஒரு எஃபெக்டைப் போட்டால் அலைவடிவமே மாறிவிடும். மாறியதைக் கேட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் அன்டூ பண்ணிக்கொள்ள வேண்டும். நான் பண்ணாமல் சேமித்து மூடிவிட்டேன். ஒரு காலை முழுக்க அத்தை பாடிய சரளி வரிசை கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல ஆகிப்போனது. தப்பு என்னுடையது. ஆனால் அசலைத் தொடாமல் மேலே மேலே பூசிப் பார்க்கிற மாதிரி ஒன்று எனக்கு வேண்டும் என்று அன்று தெரிந்தது.

அப்படித்தான் ரீப்பருக்கு வந்தேன். மொத்தமே பத்துப் பன்னிரண்டு எம்.பி. டீ ஆறுவதற்குள் டாங்கிளில் இறங்கிவிட்டது. அதை உருவாக்கியவர் ஜஸ்டின் ஃபிராங்கல் என்று படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். வினாம்பை உருவாக்கியவரும் அவரேதான். பிரௌசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்து, வினாம்பில் பச்சைக் கோடுகள் குதிக்க ராஜா பாட்டுக் கேட்டவர்களுக்கு அந்தச் சந்தோஷம் புரியும். ரீப்பரை 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். தனியாளுக்கு உரிமம் 60 டாலர். 60 நாள் கழிந்தாலும் பூட்டிக்கொள்ளாது, திறக்கும்போதெல்லாம் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒரு ஜன்னல் மட்டும் வந்து நிற்கும். திறந்தால் உள்ளே லூப்பும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி வாத்தியமும் இல்லை. வெள்ளையடித்துக் காலியாக விட்ட அறை மாதிரி. நண்பர்களுக்கு அதுதான் குறை.

அறை என்றதும் நினைவு வருகிறது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிப் பாத்திரப் பட்டறை. காலை எட்டரைக்குத் தட்ட ஆரம்பிப்பார்கள். நான் பெருமையாக வாங்கிய கண்டென்சர் மைக், 48 வோல்ட் பொத்தானை அழுத்தியதும், பட்டறை, பக்கத்து வீட்டு மிக்ஸி, கொல்லைப்புறக் குயில் என்று ஊரையே உள்ளே இழுத்தது. அத்தை அதில் ஓரமாகத்தான் இருந்தார். குழு நண்பரிடம் மேடையில் அடிபட்டு வலை நசுங்கிய எஸ்.எம்.58 ஒன்றை இரவல் வாங்கினேன். டைனமிக் மைக், பக்கத்தில் வாயை வைத்தால் வாயை மட்டும் கேட்கும். இலவம்பஞ்சு மெத்தை இரண்டைச் சுவரில் சாத்தி, ஜமக்காளத்தைக் கதவில் தொங்கவிட்டு, பட்டுப்புடவை நிறைந்த பீரோவின் இரண்டு கதவையும் அகலத் திறந்து அதற்கு எதிரே அத்தையை உட்கார வைத்தேன். காசு கொடுத்து ஒட்டும் ஸ்பாஞ்சு எதுவும் அந்தப் பீரோ அளவுக்கு எதிரொலியைக் குடித்திருக்காது என்றே நினைக்கிறேன். மின்விசிறியை நிறுத்த வேண்டியிருந்தது. காலை ஐந்தரை முதல் ஏழரை வரைதான் கச்சேரி. எங்கிருந்தோ ஒரு ‘ஹம்’ வந்துகொண்டே இருந்தது. மூன்று நாள் ஒயரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மடிக்கணினியின் இரண்டு முனைச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டியதும் போய்விட்டது.

முதல் நாள். ஹெட்போனை மாட்டினேன். கொண்டையில் நிற்கவில்லை, தோடு வேறு குத்தியது. ஒரு காதை விட்டு ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டார். ரெக்கார்டு பொத்தானை அழுத்தினேன்.

“யாருடா கதவைத் தட்டுறது?”

யாருமில்லை. ரீப்பரின் மெட்ரோநோம். தம்புராவைவிடச் சத்தமாக, டிக் டிக் டிக் டிக் என்று. நிறுத்துவதற்கு முன்னால் அதைக் கேட்டுக்கொண்டே கையால் தாளம் போட்டுப் பார்த்தார். “இது யாரோட காலப்பிரமாணம்?” என்றார்.

நல்ல கேள்வி. எந்த மென்பொருளில் புதுக் கோப்பைத் திறந்தாலும் பெரும்பாலும் மேலே இரண்டு எண்கள் முன்கூட்டியே எழுதியிருக்கும். நிமிடத்துக்கு 120 அடி, 4/4. நாம் இன்னும் வாயையே திறந்திருக்க மாட்டோம், அதற்குள் வேகமும் தாளமும் முடிவாகியிருக்கும். திரை முழுக்க அந்தக் கணக்கில் கோடு கிழித்திருக்கும். குழுவில் வாசித்த காலத்தில் இதை நான் கவனித்ததே இல்லை, எங்கள் பாட்டெல்லாம் அந்தக் கட்டத்துக்குள்தான் இருந்தது. அத்தை அலங்காரம் பாட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. ஏழு தாளம். துருவத்துக்கு 14 அட்சரம், மட்டியத்துக்கு 10, ரூபகத்துக்கு 6, ஜம்பைக்கு 10, திரிபுடைக்கு 7, அடதாளத்துக்கு 14, ஏகத்துக்கு 4. திரையிலிருந்த கோட்டுக்குப் பொருந்தியது கடைசி ஒன்று மட்டும். அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொரு தாளத்துக்கும் எண்ணை மாற்றி மாற்றிக் கட்டம் போட்டேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “கையிலதான் தாளம் இருக்கே, இங்க எதுக்கு?” என்று போய்விட்டார். மெட்ரோநோமை அணைத்தேன். கட்டத்தை மறைத்தேன். வெட்டியது தானாகக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும் ‘ஸ்னாப்’பை அணைத்தேன். மேலே அளவுகோலில் நிமிடமும் விநாடியும் மட்டும் தெரியும்படி வைத்தேன். அதன் பிறகு அமைப்பு என்று நான் செய்ததில் முக்கால்வாசி எதையாவது அணைத்ததுதான்.

அடுத்தது தாமதம். “என் பின்னாடியே யாரோ பாடிட்டு வர்றாங்க” என்றார் அத்தை. அவருடைய குரல்தான், மைக்கில் நுழைந்து கணினிக்குள் போய்ச் சுற்றி ஹெட்போனுக்கு வருவதற்குள் பிந்திவிடுகிறது. கணினி ஒலியைத் துளித்துளியாக வாங்காது, ஒரு குடம் நிரம்பிய பிறகுதான் எடுத்து ஊற்றும். குடத்தின் அளவை பஃபர் என்பார்கள். நான் வைத்திருந்தது 1024 மாதிரிகள். விநாடிக்கு 44,100 என்ற கணக்கில் அது 23 மில்லி விநாடி. உள்ளே வர ஒரு குடம், வெளியே போக ஒரு குடம், ஆக 46. அந்த நேரத்தில் ஒலி காற்றில் 16 மீட்டர் போய்விடும். கோயில் மண்டபத்தின் அந்தக் கோடியில் நின்று யாரோ திருப்பிப் பாடுவதைக் கேட்டுக்கொண்டே இந்தக் கோடியில் பாடுவது போல. இரண்டாம் காலம் போனதும் அத்தையே தடுமாறினார். பிந்தி வரும் குரலுக்காகக் காத்திருந்து காத்திருந்து காலப்பிரமாணம் இறங்கியது.

விண்டோஸின் சாதாரண டிரைவரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது என் முட்டாள்தனம். ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ஆசியோ என்ற ஏற்பாடு இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான். நான் வாங்கியிருந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியோடு அதற்கான டிரைவரும் இருந்தது, பட்டியலில் மாற்ற வேண்டியது மட்டும்தான் பாக்கி. மாற்றி, பஃபரை 128-க்கு இறக்கினேன். இரண்டு குடமும் சேர்த்து 6 மில்லி விநாடிக்கும் குறைவு, காற்றில் இரண்டு மீட்டர் தூரம். தம்புரா போடுகிறவர் உட்காருகிற இடம். ஆனால் என் மடிக்கணினிக்கு மூச்சிரைத்தது, நடுநடுவே பொரி வெடிப்பது போலப் படபடத்தது. பிறகுதான் பெட்டியின் முகப்பிலேயே இருந்த ஒரு குமிழ் கண்ணில் பட்டது. திருப்பினால் குரல் கணினிக்குள் போகாமலே நேராக ஹெட்போனுக்கு வரும். இரண்டு வாரம் படித்த பஃபர் பாடமெல்லாம் ஒரு குமிழில் தீர்ந்தது. பஃபரை மறுபடி 1024-க்கே ஏற்றிவிட்டேன்.

ஆடி மாதம் வாக்கில் வர்ணங்களுக்கு வந்தோம். தோடி வர்ணம் மூன்றாவது தடவையில் நன்றாக அமைந்தது. அதைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி அத்தையிடம் போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. இரண்டு நாள் ராத்திரி உட்கார்ந்தேன். நாய்ஸ் கேட் போட்டேன். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சத்தம் இறங்கினால் அது கதவைச் சாத்திவிடும், வரிக்கு வரி நடுவே இருந்த இரைச்சலெல்லாம் சுத்தமாக மறைந்தது. கேட்டுக்குத் தப்பியதைக் கையால் வெட்டினேன். ஹெட்போனில் கேட்டால் காசு கொடுத்து வாங்கிய சிடி மாதிரி இருந்தது.

அத்தை கண்ணை மூடிக் கேட்டார். பல்லவி முடிந்தது, அனுபல்லவி முடிந்தது, முக்தாயி ஸ்வரத்தின் நடுவில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

“இதுல நான் எங்கடா மூச்சு விட்டேன்?”

“அதெல்லாம் எடுத்துட்டேன் அத்தை. சத்தமா இருந்துச்சு.”

“எடுத்துட்டியா?”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கோபமில்லாமல், பிள்ளைகளிடம் சொல்கிற குரலில் சொன்னார். “பாட்டுக் கத்துக்க வர்ற பிள்ளை மொதல்ல கேக்குறதே அதைத்தான் தம்பி. எங்க மூச்சை எடுத்தா வார்த்தை உடையாது, எங்க எடுத்தா ஸ்வரம் அறுந்துபோகாதுன்னு. இதைக் கேட்டுப் பாடினா அது பாதி வரியில திணறும். எனக்கு இந்த வர்ணத்துல அந்த எடத்தைக் கண்டுபிடிக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு.”

இருபது வருஷம் அந்த வீட்டுத் திண்ணையில் நான் அவர் வகுப்பைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன். “இங்க எடுக்காதே, தாண்டி எடு” என்று அவர் சொல்வது அம்மியில் அரைக்கிற சத்தம் போலக் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இருந்தும் மென்பொருள் அதைக் குப்பை என்று காட்டியபோது நானும் குப்பை என்றே நம்பிவிட்டேன். நல்லவேளை, ரீப்பரில் வெட்டியது திரையில்தான், அசல் கோப்பு வட்டில் அப்படியே இருந்தது. கேட்டைக் கழற்றி, வெட்டின ஓரங்களை இழுத்துவிட்டதும் ஒவ்வொரு மூச்சாகத் திரும்பி வந்தது. சில இடங்களில் அத்தை மூச்சை எடுக்கும் சத்தத்திலேயே அடுத்த ஸ்வரத்தின் அழுத்தம் தெரிந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இதைச் சொன்னவன் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே தோடியில், அத்தைக்குத் தெரியாமல், ரீட்யூன் என்று ரீப்பரோடு வரும் சுருதி திருத்தியையும் ஓட்டிப் பார்த்தேன். அதற்குத் தெரிந்தது கீபோர்டின் பன்னிரண்டு கட்டை. தோடியின் காந்தாரம் எந்தக் கட்டையில் நிற்கிறது? ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடிக்கொண்டே இருப்பதுதானே அதன் அழகு. திருத்தி அதை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தது. பிடிவாதக் குழந்தையை நாற்காலியில் திணிப்பது போலிருந்தது. யாரும் கேட்பதற்குள் கழற்றி எறிந்தேன்.

புரட்டாசியில் முதல் தொகுதியைப் பென் டிரைவில் போட்டு, சீர்காழிப் பக்கம் இருந்த பழைய மாணவி ஒருவருக்குக் கொடுத்தனுப்பினோம். அன்று சாயங்காலமே போன். “டீச்சருக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாராம். குரல் கனத்துக் கேட்கிறதாம். எங்கள் வீட்டில் போட்டால் சரியாகத்தான் இருக்கிறது. அவர்கள் வீட்டு டிவிடி பிளேயரில் போட்டதைப் போன் வழியாக அத்தை கேட்டார். பத்தே விநாடி.

“பேட்டரி இறங்கிடுச்சா?” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். இதில் ஏது பேட்டரி, இது டிஜிட்டல் அத்தை என்றேன். ராத்திரி உட்கார்ந்து துழாவியபோது அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. ஆடியோ பெட்டி விநாடிக்கு 48,000 மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறது, கோப்பின் நெற்றியிலோ 44,100 என்று எழுதியிருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே எண்ணை வைக்காத வேலை என்னுடையது. எங்கள் வீட்டில் அதே பெட்டி அதே வேகத்தில் திருப்பி வாசித்ததால் தப்புத் தெரியவில்லை. வெளியே போனதும் நெற்றியில் எழுதிய வேகத்தில் ஓடியது. 4 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 21 விநாடி. 5 கட்டைச் சுருதி 4 கட்டைக்கும் நாலரைக்கும் நடுவில், ஒரு வாத்தியத்திலும் இல்லாத இடத்தில் போய் நின்றது. 42 கேசட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு எதிலிருந்து தப்பிக்க வந்தோமோ அதையே புதுசாகச் செய்து வைத்திருந்தேன். வேகத்தை 1.0884 மடங்காக்கி, சுருதியைக் காப்பாற்று என்ற குறியை நீக்கி, ஒவ்வொரு கோப்பாகச் சரிசெய்ய ஒரு வாரம் ஆயிற்று.

2016 மாசியில் மகாமகம். ஊரே ஒலிபெருக்கி. காணாமல் போனவர்கள் பெயரை ராப்பகலாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். பீரோவைத் திறந்தாலும் மெத்தையைச் சாத்தினாலும் பயனில்லை, பத்துப் பன்னிரண்டு நாள் கடையைச் சாத்தினோம். அந்த ஓய்வில்தான் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து திரையைப் படித்தார். ரீப்பரைத் திறந்ததும் அந்த ஜன்னல் வந்து நின்றது.

“தினமும் இது என்னமோ கேக்குதே, என்னடா அது?”

“காசு கேக்குது அத்தை. குடுக்கலைன்னாலும் வேலை செய்யும்.”

“எத்தனை நாளா?”

இருநூற்றுச் சொச்சம் நாள் என்று அதிலேயே எழுதியிருந்தது. அத்தை எழுந்து உள்ளே போய், அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து நாலாயிரம் ரூபாய் எடுத்துக்கொண்டு வந்தார். 60 டாலர் அன்றைக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான். “தட்சிணை வெக்காம வித்தை தங்காது” என்றார். வெளிநாட்டுக்குப் பணம் கட்டும் அட்டை என்னிடம் இல்லை, சென்னையில் இருக்கும் மச்சானை வைத்துக் கட்டி முடிக்க இன்னும் ஒரு வாரம் ஓடியது. அதன் பிறகு அந்த ஜன்னல் வரவில்லை. இரண்டு மூன்று நாள் அது வராதது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

வேலை விஷயமாக நான் திருச்சிக்குப் போய்த் தங்க வேண்டி வந்தபோது வர்ணங்கள் பாதியில் நின்றன. வாரக் கடைசியில் மட்டும் வருவேன். அத்தைக்குக் காத்திருக்கப் பிடிக்கவில்லை. “எனக்குக் காமி, நானே அமுக்கிக்கிறேன்” என்றார். ரீப்பரில் எந்த வேலையை எந்த விசைக்கு வேண்டுமானாலும் மாற்றிக் கொடுத்துக்கொள்ளலாம். ஆர் விசையைத் தொட்டால் பதிவு, நீள விசையைத் தொட்டால் நிறுத்தம் என்று வைத்தேன். தம்புரா ஒரு தடம், குரல் ஒரு தடம், அளவெல்லாம் முன்பே பார்த்து வைத்தாயிற்று. உச்சத்தில் பாடினாலும் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாது. வேறு எதையும் தொட வேண்டாம் என்றேன். எழுத்து சின்னதாக இருக்கிறது, கண்ணாடி போட்டால் ஹெட்போன் உட்காராது என்றார். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டிலிருந்து இரண்டை உரித்து, ஆர் விசையில் ஒரு சிவப்பும் நீள விசையில் ஒரு கறுப்பும் ஒட்டிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை வந்து திறந்து பார்த்தேன். ஒரே கோப்பு, 47 நிமிடம். ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. ஒரு வர்ணத்தைத் தொடங்கி, இரண்டு வரியில் விட்டுவிட்டு, தனக்குத்தானே “ம்ஹும்” என்று சொல்லிக்கொள்கிறார். மறுபடி. பால்காரர் மணி அடிக்கிறார். “தோ வர்றேன்” என்று எழுந்து போகிறார், தம்புரா மட்டும் நாலு நிமிடம் ஓடுகிறது, பாத்திரம் வைக்கிற சத்தம், திரும்பி வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. பட்டறை தட்ட ஆரம்பித்துவிட்டது, அதைத் தாண்டியும் பாடுகிறார். நான் வெட்டும் கருவியை எடுத்து எங்கே தொடங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்றார்.

“பால்காரன் வந்ததுக்கு அப்புறம் ஒரு தடவை பாடியிருக்கேன் பாரு, அதுதான் சரி. ஆனா முன்னாடி பாடினதை எடுத்துடாதே. அதுல எங்க தப்புப் பண்ணேன்னு பிள்ளைங்களுக்குத் தெரியணும்.”